பிள்ளைகள் வழி வந்த மொழி: நேட்டால் தமிழ்க் குடும்பங்களின் மொழி வரலாற்றில் ஒரு பகுதி

1. முன்னுரை

சிறு குழந்தைகளோடு நாடு விட்டு நாடு சென்று குடியேறும் குடும்பத்தின் வரலாறு பெரும்பாலும் பெற்றோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அவர்கள் செய்த வேலை, பெற்ற கூலி, செலுத்திய வரி, நடத்திய போராட்டம் ஆகியவை ஆவணங்களில் இடம்பெறுகின்றன. உடன் சென்ற குழந்தை அவ்வாவணங்களில் ஒரு பெயராகவும் ஒரு வயதாகவும் மட்டுமே நிற்கிறது. ஆனால் குடியேறிய நாட்டின் மொழி குடும்பத்திற்குள் எவ்வழி நுழைந்தது என்னும் வினாவை எழுப்பினால், விடை அக்குழந்தையிடமே சென்று சேர்கிறது.

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் 1860 முதல் குடியேறிய தமிழ்க் குடும்பங்களை எடுத்துக்கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். குழந்தை அங்கு மூன்று நிலைகளில் தோன்றுகிறது: பதிவேட்டில் எழுதப்பட்ட பெயராக, பெற்றோருக்கும் பிறருக்கும் இடையே நின்ற மொழிபெயர்ப்பாளராக, வீட்டுமொழியை மாற்றிய வாயிலாக. இம்மூன்று நிலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தவை மட்டுமல்ல. ஒன்றிலிருந்து மற்றொன்று விளைந்தவை.

2. கப்பற் பதிவேடும் பெயரும்

நேட்டால் குடியேற்ற அரசு 1859-ஆம் ஆண்டின் 14-ஆம் எண் சட்டத்தின் வழி இந்தியத் தொழிலாளரை வரவழைக்க வகை செய்தது. சென்னையிலிருந்து 1860 அக்டோபரில் புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல் 342 பேருடன் நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. பத்து நாட்களுக்குப் பின் கல்கத்தாவிலிருந்து பெல்வெடேர் கப்பல் வந்தது. அன்று தொடங்கிய ஒப்பந்தக் கூலிமுறை 1911-இல் நிறுத்தப்படும் வரை ஏறத்தாழ 1,52,000 பேர் நேட்டாலுக்குச் சென்றனர். அவர்களுள் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழிச் சென்றவர்கள். தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். கல்கத்தா வழிச் சென்றவர்களுள் பெரும்பான்மையோர் போஜ்புரியும் அதனைச் சார்ந்த வழக்குகளும் பேசினர்.

ஒப்பந்தக் காலம் ஐந்தாண்டு. முதலாண்டில் மாதக் கூலி 10 ஷில்லிங். பின்னர் ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்வு. தனி ஆடவரே மிகுதியாகச் சென்றனர் என்பது உண்மையே. எனினும் நூறு ஆடவருக்கு நாற்பது பெண்டிர் என்ற விகிதம் வலியுறுத்தப்பட்டமையால், குடும்பமாகச் சென்றோரும் கைக்குழந்தைகளோடு சென்ற தாய்மாரும் கப்பல் தோறும் இருந்தனர். நிலைத்த குடியேற்றமாக அச்சமூகம் வளர்ந்ததற்கு இக்குடும்பங்களே அடிப்படை.

கப்பற் பதிவேடுகளில் எண், பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, உயரம், உடற்குறி, மாவட்டம், வட்டம், ஊர் என்னும் பத்திகள் இருந்தன. தமிழ் மரபில் ஒருவர் பெயர் அவருடையது மட்டுமே. தந்தை பெயர் தலைமுறை தோறும் மாறும் முன்னடை. ஆங்கிலப் பதிவுமுறையோ நிலையான குடும்பப்பெயரை வேண்டியது. இவ்விரு முறைகளும் சந்தித்த இடத்தில் இரண்டு வகையான தீர்வுகள் பிறந்தன. ஒன்று, தந்தையின் இயற்பெயர் பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் குடும்பப்பெயராக உறைந்துபோனது. பெருமாள், முனுசாமி, ராமசாமி போன்ற பெயர்கள் இவ்வாறு குடும்பப்பெயர்களாயின. மற்றொன்று, சாதிப்பட்டம் குடும்பப்பெயராயிற்று. இன்று தென்னாப்பிரிக்காவில் ‘கோவெண்டர்’ என ஒலிக்கப்படுவது கவுண்டர். ‘மூட்லி’ என்பது முதலி. நாயுடு, பிள்ளை, படையாட்சி, செட்டி, நாயக்கர் ஆகியனவும் இவ்வகையினவே.

இம்மாற்றம் பெற்றோரைவிடக் குழந்தைகளையே மிகுதியும் பாதித்தது எனலாம். பெற்றோர் தம் ஊரில் பெற்ற பெயரைத் தம் மனத்தில் கொண்டிருந்தனர். பதிவேட்டின் எழுத்துக்கூட்டலையே தன் பெயராகக் கற்றுக்கொண்டது குழந்தை. தமிழ்ப் பெயர்களின் ஈற்றிலுள்ள ‘சாமி’ என்பதை எடுத்து இந்திய ஆடவர் அனைவரையும் ‘சாமி’ என்று வெள்ளையர் இழிவாக அழைத்த வழக்கமும் அக்காலத்தே உண்டு. தலைவன், கடவுள் என்னும் பொருளுடைய சொல் வசைச்சொல்லாயிற்று. இவ்வழக்கத்தைக் காந்தியடிகளும் தம் வரலாற்றில் குறித்துள்ளார். சொற்பொருள் இழிபுக்கு மொழியியலார் காட்டும் எடுத்துக்காட்டுகளுள் இதனையும் சேர்க்கலாம்.

3. கரும்புத் தோட்டத்தின் மொழிச்சூழல்

தோட்டக் குடியிருப்பில் பல மொழிகள் ஒருங்கே வழங்கின. தமிழ், தெலுங்கு, போஜ்புரி ஆகியவை அண்டை வீட்டு மொழிகள். சுற்றிலும் வாழ்ந்த பெரும்பான்மை மக்களின் மொழி ஜூலு. மேலாளர்களின் மொழி ஆங்கிலம். இவற்றிற்கிடையே ஃபனகலோ என்னும் கலப்பு மொழி தொழிலிடத்தில் வழங்கியது. அதன் சொற்களுள் பெரும்பகுதி ஜூலுவிலிருந்து வந்தவை. இம்மொழியை நேட்டால் இந்தியரே தோற்றுவித்தனர் என்னும் கருத்து ஒரு காலத்தில் கூறப்பட்டது. இந்தியர் வருகைக்கு முன்னரே அதன் கூறுகள் தென்னாப்பிரிக்காவில் வழங்கியதற்குச் சான்று காட்டி, ரஜேந்த் மெஸ்திரி 1989-இல் இக்கருத்தை மறுத்தார்.

வயதுவந்த தொழிலாளிக்குத் தோட்டத்தில் தமிழும் ஓரளவு ஃபனகலோவும் போதுமானவையாக இருந்தன. அவர் ஆங்கிலம் கற்க நேரமும் இல்லை, கற்பிப்பாரும் இல்லை. குழந்தையின் நிலை வேறு. விளையாட்டுத் தோழர் வழியாக அண்டை மொழிகளும், மதபோதகர் நடத்திய பள்ளி வழியாக ஆங்கிலமும் அதற்கு எட்டின. ஈழத்தில் பணியாற்றித் தமிழறிந்திருந்த வெஸ்லியன் போதகர் ரால்ஃப் ஸ்டாட் 1862-இல் நேட்டாலுக்கு வந்து இந்தியரிடையே பணி தொடங்கினார். கத்தோலிக்கப் பாதிரியார் சபோனும் டர்பனில் பள்ளி நடத்தினார். 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி இந்தியக் குடியேறிகளின் பள்ளிகளுக்கென ஒரு வாரியம் அமைந்தது. பள்ளிக்குச் சென்ற குழந்தைகள் சிலரே. அச்சிலரும் நெடுநாள் பயிலவில்லை. எனினும் குடும்பத்தில் ஒரு குழந்தை ஆங்கிலம் அறிந்தாலே அக்குடும்பத்தின் மொழிநிலை மாறத் தொடங்கியது என்பது கருதத்தக்கது.

குடும்பத்திற்கு ஆங்கிலம் தேவைப்பட்ட இடங்கள் பலவாயின. ஒப்பந்தம் முடிந்து திரும்பாமல் தங்கியோர் மீது ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி 1895-ஆம் ஆண்டுச் சட்டத்தால் விதிக்கப்பட்டது. 1903-இல் அவ்வரி அவர்தம் பிள்ளைகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. 16 வயது நிறைந்த ஆண்மக்களும் 13 வயது நிறைந்த பெண்மக்களும் அதற்கு உட்பட்டனர். நால்வர் கொண்ட குடும்பம் ஆண்டுக்குப் பன்னிரண்டு பவுண்டு செலுத்த வேண்டியதாயிற்று. மாதத்திற்குப் பத்துப் பதினான்கு ஷில்லிங் ஈட்டிய குடும்பத்திற்கு இது தாங்கொணாச் சுமை. இதனால் குழந்தையின் வயது சட்டப் பொருளாயிற்று. வயதைப் பற்றிய ஆவணம், அலுவலர் கேட்கும் வினா, தரும் விடை ஆகிய அனைத்திற்கும் மொழிபெயர்ப்பு வேண்டப்பட்டது.

4. டால்ஸ்டாய் பண்ணைச் சான்று

தென்னாப்பிரிக்காவில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகளின் மொழித்திறன் பற்றிய நேரடிச் சான்று ஒன்று காந்தியடிகளின் தன்வரலாற்றில் கிடைக்கிறது. ஜோகன்னஸ்பர்க்கை அடுத்து 1910-இல் அமைக்கப்பட்ட டால்ஸ்டாய் பண்ணையில் அவர் சிறுவர்களுக்குத் தமிழ் கற்பிக்கும் பொறுப்பை ஏற்றார். அவருடைய தமிழறிவு கடற்பயணங்களிலும் சிறையிலும் திரட்டியது; போப் எழுதிய தமிழ்க் கையேட்டுக்கு அப்பால் அவர் செல்லவில்லை. மாணவர்கள் அனைவரும் தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்தவர்கள். அவர்களுக்குத் தமிழ் மிகக் குறைவாகவே தெரியும் என்றும், எழுத்து அறவே தெரியாது என்றும் அவர் எழுதுகிறார். ஆகவே எழுத்தையும் இலக்கணத் தொடக்கத்தையும் கற்பித்தார். அதே இடத்தில், பேச்சுத் தமிழில் அப்பிள்ளைகள் தம்மை எளிதில் வென்றுவிடுவர் என்றும், ஆங்கிலம் அறியாத தமிழர் தம்மைக் காண வந்தபோது அப்பிள்ளைகளே தமக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தனர் என்றும் கூறுகிறார்.

இச்சிறு குறிப்பில் மொழியியலாருக்குரிய மூன்று செய்திகள் உள்ளன. முதலாவது, தமிழ் ‘மிகக் குறைவு’ என்னும் மதிப்பீடும் மொழிபெயர்க்கும் ஆற்றலும் ஒரே பிள்ளைகளைப் பற்றியவை. எனவே ஆசிரியரின் மதிப்பீடு எழுத்தறிவையும் இலக்கிய வழக்கையும் அளவுகோலாகக் கொண்டது எனக் கொள்ள வேண்டும். இரட்டை வழக்குடைய தமிழில் பேச்சு வழக்கைத் தவிர்த்துவிட்டு மொழித்திறனை அளக்கும் பழக்கம் இன்றும் தொடர்வதை இங்கு எண்ணிப் பார்க்கலாம். இரண்டாவது, மொழிபெயர்ப்பு யாரும் கற்பிக்காமலே நிகழ்ந்துள்ளது. மூன்றாவது, மொழிபெயர்ப்புத் தேவைப்பட்டவர் வழக்கறிஞராகிய ஒரு தலைவர். அவருக்கும் முதியோருக்கும் இடையே நின்றவர்கள் சிறுவர்கள்.

5. மொழிபெயர்ப்பாளராகக் குழந்தை

பயிற்சி பெறாத இருமொழியாளர் இயல்பாகச் செய்யும் மொழிபெயர்ப்பை ‘இயற்கை மொழிபெயர்ப்பு’ எனப் பெயரிட்டு ஆய்வுப்பொருளாக்கியவர் பிரையன் ஹாரிஸ். அவரும் பியாங்கா ஷெர்வுட்டும் 1978-இல் வெளியிட்ட கட்டுரையில், இத்தாலியக் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி தந்தையின் கடுஞ்சொற்களை எதிரிலிருப்பவருக்கு மென்மையாக்கிச் சொன்ன செய்தியைக் குறிப்பிடுகின்றனர். அமெரிக்காவின் ஸ்பானிய மொழிக் குடும்பங்களிடையே நெடுங்காலம் ஆய்வு செய்த மார்ஜரி ஒரேயானா 2009-இல் வெளியிட்ட நூலில், குழந்தைகளின் மொழிபெயர்ப்புக் குடும்பத்தைத் தாங்கும் உழைப்பாகவே கருதப்பட வேண்டும் என்று காட்டுகிறார். நேட்டால் தமிழ்ப் பிள்ளைகளின் பணியையும் இந்நோக்கில் காணலாம்.

தமிழில் இப்பணிக்குத் தனியான ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலேய அலுவலர் ஒருவர் தந்தையை நோக்கி ‘வா’ என்னும் பொருள்படும் ஏவலைக் கூறுகிறார் எனக் கொள்வோம். ஆங்கில ஏவல்வினையில் ஒருமை, பன்மை, மதிப்பு என்னும் வேறுபாடு இல்லை. அதனைத் தமிழில் தரும் பிள்ளை ‘வா’ என்றால் தந்தையை இழிவுபடுத்தியதாகும். ‘வாங்க’ என்றால் அலுவலர் காட்டாத மதிப்பை அவர் மேல் ஏற்றியதாகும். இவ்விரண்டையும் தவிர்க்கத் தமிழ் இலக்கணமே ஒரு வழி தருகிறது. ‘நாளைக்கு வரச் சொல்றாரு’ என்னும் தொடரில் ஏவல் செய எனெச்சமாகிவிடுகிறது. முன்னிலைக்குரிய இடப்பெயரும் மதிப்பு விகுதியும் தோன்றுவதில்லை. சொல்பவரின் தொனி மறைந்து, சொல்லின் கருத்து மட்டும் தந்தையைச் சேர்கிறது. பிள்ளை தன் வாயால் தந்தைக்கு ஏவலிட்டதாகவும் ஆகாது. இத்தொடரமைப்பு தமிழ்ப் பேச்சில் மிகப் பரவலானது. மொழிபெயர்ப்புச் சூழலில் அது மரியாதையைக் காக்கும் கருவியாகிறது.

எதிர்த்திசையில் இவ்வசதி இல்லை. தந்தை ‘ஐயா’, ‘துரை’ என்று தொடங்கிப் பணிவோடு சொல்வதில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் ஏறாது. ‘பார்த்துச் செய்யணும்’ என்னும் வேண்டுகோளின் முழுப்பொருளை ஒரு சொல்லில் தரும் ஆங்கிலத் தொடரும் எளிதில் கிட்டாது. தந்தையின் பேச்சு குறுகி, வறண்டு, வெறும் செய்தியாக அலுவலரிடம் சென்று சேரும். இருபுறமும் கேட்டுக்கொண்டு நிற்கும் பிள்ளை இவ்விழப்பை அறியும். எந்த மொழிக்கு அதிகாரம் உண்டு, எந்த மொழி கெஞ்ச வேண்டியிருக்கிறது என்பதையும் அங்கேயே கற்றுக்கொள்ளும். மொழிமாற்றத்தின் விதை பள்ளியில் மட்டும் விழுந்ததன்று. அலுவலக வாயிலிலும் விழுந்தது எனக் கருத இடமுண்டு.

இவ்வனுபவம் சிலருக்குத் தொழிலாகவும் அமைந்தது. ஆங்கிலம் கற்ற குடியேற்றப் பிறப்பினர் எழுத்தராகவும் ஆசிரியராகவும் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றினர். மொரீஷியஸில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து டிரான்ஸ்வாலில் சத்தியாக்கிரகத் தலைவராக விளங்கிய தம்பி நாயுடு முறையான கல்வி பெறாதவர். ஆனால் ஆங்கிலம், தமிழ், இந்துஸ்தானி, தெலுங்கு, கிரியோல் ஆகியவற்றில் அவருக்குப் பழக்கம் இருந்ததைக் காந்தியடிகள் வியந்து எழுதியுள்ளார். இடம்பெயர்ந்த குடும்பத்தில் வளரும் குழந்தை தேவை கருதித் திரட்டும் பன்மொழித் திறனுக்கு அவர் வாழ்க்கையே சான்று.

6. தமிழ் பொதுமொழியாக நின்ற காலம்

இக்காலத்தில் தமிழ் தேய்ந்துகொண்டே வந்தது என்று மட்டும் கூறுவது முழு உண்மையாகாது. 1903-இல் தொடங்கிய ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழ் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என நான்கு மொழிகளில் வெளிவந்தது. தமிழ், இந்திப் பகுதிகள் 1906-இல் நின்றன. 1913-இல் மூன்று பவுண்டு வரியை எதிர்த்த போராட்டத்தில் டிரான்ஸ்வாலிலிருந்து தமிழ்ப் பெண்கள், சிலர் கைக்குழந்தைகளோடு, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்குச் சென்று தொழிலாளரிடையே பேசினர். அதன் பின்னரே வேலைநிறுத்தம் பரவியது. 1914-இல் வரி நீக்கப்பட்டது. பிள்ளைகளின் மீதும் விழுந்த வரி பெற்றோரின் மொழியில் எழுந்த குரலால் அகன்றது என்பது குறிப்பிடத்தக்கது.

கோயில்களும் சபைகளும் மாலைநேரத் தமிழ்ப் பள்ளிகளை நடத்தின. 1937-இல் தோன்றிய சைவ சித்தாந்த சங்கம் போன்ற அமைப்புகள் வழிபாட்டு வழித் தமிழைப் பேணின. ஆனால் பகற்பள்ளியின் மொழி ஆங்கிலமே. இந்திய அரசின் முதல் முகவராக 1927-இல் சென்ற சீனிவாச சாஸ்திரியின் முயற்சியால் டர்பனில் எழுந்த உயர்கல்வி நிறுவனமும் ஆங்கில வழியினதே. பகலில் வாழ்வுக்குரிய மொழி, மாலையில் பண்பாட்டுக்குரிய மொழி என்னும் பிரிவு குழந்தையின் நாளிலேயே வகுக்கப்பட்டது.

7. மூத்த பிள்ளையும் இளைய பிள்ளையும்

தென்னாப்பிரிக்க இந்தியரின் ஆங்கிலம் பற்றி மெஸ்திரி 1992-இல் வெளியிட்ட நூல் மொழிமாற்றத்தைக் குடும்பத்திற்குள் வைத்து விளக்குகிறது. பள்ளிக்குச் செல்லும் மூத்த பிள்ளைகள் ஆங்கிலத்தை வீட்டிற்குக் கொணர்ந்தனர். இளையோர் பள்ளிக்குச் செல்லும் முன்னரே அதனை அவர்களிடமிருந்து கற்றனர். தலைப்பிள்ளைக்குத் தமிழ் முதல்மொழி. கடைப்பிள்ளைக்கு ஆங்கிலமே முதல்மொழி என்னும் நிலை ஒரே கூரையின் கீழ் உருவாயிற்று. மொழிமாற்றத்திற்கு மூன்று தலைமுறை தேவை என்பது குடிபெயர்வு ஆய்வுகளில் பெருவழக்கான கருத்து. நேட்டாலில் முதல் இரு தலைமுறைகளும் தமிழைக் காத்தன. பின்னர் ஒரே தலைமுறைக்குள், உடன்பிறந்தோருக்கிடையிலேயே, மாற்றம் விரைந்தது.

இதற்குப் புறக்காரணங்களும் உண்டு. 1950-ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் இந்தியர் தம் பழைய குடியிருப்புகளிலிருந்து அகற்றப்பட்டனர். 1960-களில் சாட்ஸ்வொர்த் போன்ற புதிய குடியிருப்புகளின் சிறு வீடுகளில் கூட்டுக்குடும்பம் வாழ இடமில்லை. பாட்டியும் தாத்தாவும் ஒரு வீட்டில், பேரக்குழந்தைகள் வேறு வீட்டில் என்றானபோது, மூத்த பிள்ளையின் ஆங்கிலத்தை எதிர்த்து நின்ற மொழிச் சூழலும் அகன்றது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் தமிழை வீட்டுமொழியாகக் குறித்தோர் 1951-இல் ஏறத்தாழ 1,20,000 பேர். 1980-இல் ஏறத்தாழ 25,000 பேர். இவ்வெண்களை அப்படியே ஒப்பிடுதல் கூடாது. முந்தைய கணக்கெடுப்புகளில் பலர் முன்னோர் மொழியையே வீட்டுமொழியாகக் குறித்திருக்கக்கூடும். எனினும் போக்கு ஐயத்திற்கு இடமற்றது.

எஞ்சியவை எவை என்பதும் நோக்கத்தக்கது. தாத்தா, அண்ணா, அக்கா முதலிய உறவுப்பெயர்களும், உணவுப் பெயர்களும், காவடி உள்ளிட்ட வழிபாட்டுச் சொற்களும் அவர்களின் ஆங்கிலத்தில் வாழ்கின்றன. தெருக்கூத்து அங்கு ‘ஆறடி ஆட்டம்’ எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரால் வழங்குகிறது. அதிகாரியிடம் மொழிபெயர்க்க வேண்டிய தேவையே இல்லாத சொற்கள்தாம் எஞ்சின என்பது கருதத்தக்கது. மொழிபெயர்க்கப்பட்ட துறைகளில் தமிழ் மறைந்தது. மொழிபெயர்க்கப்படாத துறைகளில் நின்றது.

8. முடிவுரை

தென்னாப்பிரிக்காவின் 1996-ஆம் ஆண்டு அரசியல் சட்டம், சமூகங்கள் வழங்கும் மொழிகளுள் தமிழையும் பெயர் சுட்டிக் கூறி, அவற்றை வளர்க்கவும் மதிக்கவும் வகை செய்கிறது. அவ்வேற்பு வந்தபோது பெரும்பாலான தமிழ் வீடுகளில் குழந்தையின் முதல்மொழி ஆங்கிலமாகியிருந்தது.

இவ்வரலாற்றிலிருந்து ஆய்வாளர் கொள்ளத்தக்கவை இரண்டு. குடியேறிய சமூகங்களின் மொழிநிலையை ஆராய்வோர் குடும்பத்தை ஓர் அலகாகக் கொண்டு ஒரே வினாவைக் கேட்பது போதாது; பிள்ளைகளின் பிறப்பு வரிசையையும், யார் யாருக்காக மொழிபெயர்த்தார் என்பதையும் தனித்தனியே பதிவு செய்தல் வேண்டும். மொழிபெயர்ப்பு வரலாறு எழுதுவோர் நூல்களையும் நூலாசிரியர்களையும் மட்டும் நோக்காது, பெயரில்லாமல் தந்தையின் அருகில் நின்ற சிறுவரையும் சிறுமியரையும் மொழிபெயர்ப்பாளர் வரிசையில் சேர்த்தல் வேண்டும்.

இன்று டொரான்டோவிலும் ஆஸ்லோவிலும் சூரிச்சிலும் குழந்தைகளோடு குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு வாரஇறுதிப் பள்ளியும் தொலைபேசியும் வானூர்தியும் உள்ளன. நேட்டால் குடும்பங்களுக்கு இவை இல்லை. ஆயினும் மருத்துவமனையில் தாயின் நோயை வேற்றுமொழியில் எடுத்துச் சொல்லும் பிள்ளை அங்கும் உண்டு. அப்பிள்ளை வீடு திரும்பித் தன் தம்பியோடு எம்மொழியில் பேசுகிறது என்பதே அச்சமூகங்களின் மொழி வரலாற்றையும் முடிவு செய்யும்.